கடைசிக் கட்டம் எங்கே?

ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்ட ஒன்றாம் நம்பர் பஸ். மாலை நேரம். நல்ல கூட்டம்.

ஜன்னல் ஓரத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன். கையில் அம்மாவின் செல்போன். அதில் ஓர் ஆட்டம். கலர் கலராக மிட்டாய்கள் விழுகின்றன. விரலால் தள்ளுகிறான். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கிறது.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. எதிரே மலைக்கோட்டை. கீழே காவிரி. பையன் நிமிரவில்லை.

"சத்திரம் வந்தாச்சு. இறங்கணும். போனை வைடா."

"இரும்மா. இதை மட்டும் முடிச்சிடறேன்."

முடித்தான். உடனே அடுத்தது வந்தது. "இதை மட்டும்" என்றான் மறுபடியும். தாய் போனைப் பிடுங்கினாள். பையன் அழுதான். பக்கத்தில் இருந்தவர்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று தலையை ஆட்டினார்கள்.

எனக்குத் தலையை ஆட்ட மனம் வரவில்லை. நானும் ஆடுகிறவன்தான். எனக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிறது. அந்த மிட்டாய் ஆட்டத்தையும் ஆடியிருக்கிறேன்.

பையன் மேல் தப்பு இல்லை. முடித்துவிடுகிறேன் என்றுதான் அவன் சொன்னான். அவன் கையில் இருந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது!

பாட்டியின் ஆட்டம்

எனக்கு முதலில் ஆடக் கற்றுக்கொடுத்தவர் என் பாட்டி. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வரும். அன்று அதிகாலையில் அரங்கன் கோயிலில் பரமபத வாசல் திறக்கும். ஜனங்கள் சொர்க்க வாசல் என்பார்கள். ரத்தினங்கி அணிந்து நம்பெருமாள் அந்த வாசல் வழியாக வருவார். பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம்.

ஏகாதசியன்று பட்டினி இருந்து, இரவு முழுவதும் கண் விழிக்க வேண்டும் என்பது வழக்கம். தூக்கம் வராமல் இருக்க என்ன செய்வது? பரமபத சோபான படத்தை விரிப்பார்கள். சோபானம் என்றால் படிக்கட்டு. தாயக்கட்டையை உருட்டுவார்கள். ஏணி வந்தால் ஏறலாம். பாம்பு வந்தால் இறங்க வேண்டும்.

கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அதனிடம் மாட்டினால் அடிமட்டத்துக்கு வந்துவிடுவோம். நான் அழுவேன். பாட்டி சிரிப்பார்.

"அழாதேடா. பாம்பு எத்தனை இருந்தாலும் மேலே வைகுண்டம் இருக்கு. போய்ச் சேர்ந்துடலாம்."

போய்ச் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. படத்தைச் சுருட்டி வைத்துவிடுவோம். அடுத்த மார்கழியில்தான் மறுபடி எடுப்போம்.

இந்தப் பாம்பும் ஏணியும் நம் நாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போயின. 1943-ல் அமெரிக்காவில் பாம்புக்குப் பதிலாகச் சறுக்குமரம் போட்டு விற்றார்கள். ஊர் மாறியது. படம் மாறியது. கடைசிக் கட்டம் மட்டும் மாறவில்லை.

டி.வி.யில் ஆடிய காலம்

1990-களில் எங்கள் வீட்டுக்கு வீடியோ கேம் பெட்டி வந்தது. மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு கடையில் அப்பா வாங்கினார். அதை டி.வி.யில் மாட்ட வேண்டும். மேலே கேசட்டைச் செருக வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊத வேண்டும். இந்த வித்தையை யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது!

கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்துதான் இருக்கும். மற்றவை எல்லாம் அதே ஆட்டம்தான். பெயரும் நிறமும் வேறு.

அதில் எங்களுக்குப் பிடித்தது மீசைக்காரர் மாரியோ. 1985-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஆட்டம். எட்டு உலகம். ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம். ஆக 32 கட்டம். கடைசியில் இளவரசியை மீட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவோம். முப்பதாவது கட்டத்தை நெருங்கும்போது கரண்ட் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லை. மறுபடி முதலிலிருந்து! திட்டிக்கொண்டே தெருவுக்கு ஓடிக் கிரிக்கெட் ஆடுவோம். மின்சார வாரியம் அப்போது எங்கள் கண்ணைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் இளவரசியை மீட்டுவிட்டோம். வீடே அதிரும்படி கத்தினோம். அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. காரணம், ஆட்டம் முடிந்தது.

எந்திரமே நின்றது

அதற்கு முந்தைய ஆட்டங்கள் பலவற்றில் முடிவு இல்லை. அவை கடைகளில் நின்ற பெரிய பெட்டிகள். காசு போட்டால் ஆடலாம். போகப் போக ஆட்டம் கடினமாகும். தோற்றால் இன்னொரு காசு போட வேண்டும். அதுதான் வியாபாரம்.

1980-ல் ஜப்பானில் பாக்-மேன் வந்தது. மஞ்சள் நிற உருண்டை வாயைத் திறந்து புள்ளிகளைத் தின்னும். இதற்கு முடிவு வைக்கவில்லை. ஆனால் அந்த எந்திரத்தால் 255-க்கு மேல் எண்ண முடியாது. 256-வது கட்டத்தில் திரையில் பாதி குழம்பிப்போகும். அதற்கு மேல் ஆட முடியாது.

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற அறிஞர் டெட்ரிஸ் என்ற ஆட்டத்தை உருவாக்கினார். மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். நிண்டெண்டோ பெட்டிக்கு 1989-ல் வந்த டெட்ரிஸை உலகம் முழுவதும் ஆடினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டே போனான். எந்திரம் திணறி, திரை அப்படியே நின்றுவிட்டது. ஆடி ஆடி அந்த இடத்துக்குப் போன முதல் மனிதன் அவன்தான்.

ஆட்டம் கெட்டுவிட்டதே என்று அவன் வருந்தவில்லை. ஆனந்தத்தில் மூச்சுத் திணறினான். மனித மனம் முடிவைத் தேடுகிறது. அதைத்தான் இது காட்டுகிறது.

செல்போன் தந்திரம்

இன்று செல்போனில் பல ஆட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாகக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன லாபம்?

நாம் எத்தனை நேரம் ஆடுகிறோமோ அத்தனை விளம்பரம் காட்டலாம். அவசரத்தில் இருப்பவரிடம் காசும் வாங்கலாம். ஐந்து உயிர் தருவார்கள். ஐந்தும் போனால், காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுக்க வேண்டும். தினமும் வந்தால் பரிசு. ஒரு நாள் வராவிட்டால் பரிசு போச்சு. ஆயிரம் கட்டம் முடித்தாலும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பழைய சினிமாவில் கடைசியில் 'சுபம்' என்று போடுவார்கள். கொட்டகையில் விளக்கு எரியும். எழுந்து வீட்டுக்குப் போவோம். இப்போது போனில் தொடர் பார்த்தால் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. ஆட்டத்துக்கு வந்த நோய் படத்துக்கும் வந்துவிட்டது!

ஒரு ராத்திரி

இதை நான் எழுதக் காரணம் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதம். இரவு மணி பன்னிரண்டு. ஸ்ரீரங்கம் வீட்டுக் கூடத்தில் படுத்தபடி போனில் ஆடிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து பாட்டி கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டா."

"இதோ பாட்டி. இதை மட்டும் முடிச்சிட்டு வரேன்."

எத்தனை நிமிஷம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. சமையலறையில் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. ஓடினேன். பாட்டி தரையில் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 84. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இருட்டில் நான் பார்த்துப் போயிருக்கணும்" என்றார். அது என்னை அதிகம் சுட்டது.

இட்லி அவிக்கும் ஆட்டம்

அதற்குப் பிறகு ஆட்டத்தையே விட்டேனா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் 'வெண்பா'.

கனடாவில் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்று ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2023 ஜூலையில் வெளியிட்ட வீடியோ கேம் இது. கதை 1988-ல் தொடங்குகிறது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப் பெண் வெண்பா. கணவர் பாவலன். மகன் கவின்.

சுடுவது இல்லை. வெட்டுவது இல்லை. சமைக்க வேண்டும்! வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும்? புட்டுக் குழலில் மாவையும் தேங்காயையும் எப்படிப் போடுவது? தப்பு செய்தால் உயிர் போகாது. மறுபடி செய்யலாம்.

மகன் வளர்கிறான். அம்மாவின் சாப்பாடும் தமிழும் அவனுக்குக் கூச்சமாகின்றன. மீதிக் கதையை நான் சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் நான் செய்த முதல் வேலை, பாட்டிக்குப் போன் போட்டது.

2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான பரிசு இதற்குக் கிடைத்தது. இட்லிப் பானை உலக மேடை ஏறியது!

சட்டமும் வைத்தியமும்

விளையாட்டு என்ற பெயரில் சூதாட்டமும் நடந்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து தமிழ்நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. இதை ஆராய 2022-ல் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. பிறகு சட்டமும் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது. பணம் கட்டாத சாதாரண வீடியோ கேம்களுக்குத் தடை இல்லை.

ஆட்டம் எப்போது நோயாகிறது? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதையும் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மூன்று அடையாளம் சொல்கிறது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை. மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாவது. கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படி இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். திட்டுவதும் அடிப்பதும் மருந்து ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை ஆடுகிறானா? பக்கத்தில் உட்காருங்கள். "இது எப்போது முடியும்?" என்று கேளுங்கள். முடியும் ஆட்டமானால் முடிக்க விடுங்கள். பாதியில் பிடுங்காதீர்கள். முடியாத ஆட்டமானால், அதற்கு முடிவை நீங்கள்தான் வைக்க வேண்டும். "மூன்று ஆட்டம், பிறகு போன் எனக்கு" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பெரியவர்களும் அதே கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். தாத்தாவுக்கு ஒரு சட்டம், பேரனுக்கு ஒரு சட்டம் கூடாது.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி வந்தபோது பாட்டிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. இரவு பரமபதப் படத்தை விரித்தோம். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் தாயக்கட்டையை உருட்டினார். பெரிய பாம்பு என்னைக் கடித்தது. பாட்டி சிரித்தார். விடியும் நேரத்தில் அவரே முதலில் வைகுண்டம் சேர்ந்தார்.

"போதும். சுருட்டி வை" என்றார்.

சுருட்டி வைத்துவிட்டு, அவர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.