வயதான காதுக்கு ஹை-ஃபை எதற்கு?

ஹை-ஃபை ஒலிக்கருவிகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று பெருமையுடன் அச்சிட்டிருப்பார்கள். பதிவான ஒலியைச் சிதைக்காமல் உள்ளது உள்ளபடி தரும் கருவியே ஹை-ஃபை கருவி. இளம் வயதில் மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் இத்தகைய கருவியையும் அலமாரி நிறைய இசைத்தட்டுகளையும் போற்றி வைத்திருப்பவர்களில் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அந்த வயதில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் கேட்பதே இல்லை. அப்படியானால் அவர்கள் செலவிட்ட பணம் வீண்தானா? இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

இரண்டு சுருள்கள்

நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-ஆம் ஆண்டு அறிமுகம் செய்தது. தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பது ஒரே ஒரு நீண்ட பள்ளம். அது வெளி விளிம்பில் தொடங்கி, சுருண்டு சுருண்டு மையத்தை நெருங்குகிறது. பள்ளத்தின் நெளிவுகளில் ஊசி அதிர்கிறது. அந்த அதிர்வு மின்னலையாக மாறிப் பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் ஒலியாகிறது.

இந்த ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நம்மை எதிர்கொள்வது இரண்டாவது சுருள்! நத்தைக்கூடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட அக்குழலை நிமிர்த்தினால் 35 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதனுள் வரிசை வரிசையாக ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் அமைந்துள்ளன. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே.

உயர்ந்த அதிர்வெண்கள் குழலின் வாயிலருகே உள்ள செல்களையும், தாழ்ந்தவை சுருளின் உச்சியில் உள்ள செல்களையும் தூண்டுகின்றன. உட்செவியில் அலை இவ்வாறு பரவுவதைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயது ஏற ஏற முதலில் நலிவடைபவை வாயிலருகே உள்ள செல்களே. ஆகவேதான் உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் விடைபெறுகின்றன.

2005-இல் பிரிட்டனில் இதைக் கொண்டே ஒரு கருவியை உருவாக்கினார்கள். அது எழுப்பிய 17,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலி, கடைவாசலில் கூடும் இளைஞர்களுக்கு மட்டும் எரிச்சலூட்டியது; பெரியவர்களில் பலர் ஒன்றுமே கேளாமல் நடந்தார்கள். மாணவர்கள் சும்மா இருப்பார்களா? அதே ஒலியைக் கைபேசி மணியாக்கி, ஆசிரியர் காதில் விழாமல் வகுப்பில் பயன்படுத்தினார்கள்!

பத்தில் ஒரு பங்கு

இனி ஒரு சிறு கணக்கு. அதிர்வெண் இரட்டிப்பானால் ஒரு ஸ்தாயி உயர்கிறது. கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச'வுக்குப் போவது அதுதான். இருபதில் தொடங்கி 40, 80, 160 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். பத்தாவது முறை 20,480 வரும். அதாவது நம் செவியின் எல்லை ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காத ஒருவர் இழந்திருப்பது அவற்றுள் ஒன்றை மட்டுமே!

அந்த ஒன்றில் என்ன இருக்கிறது? பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். பாடகரின் குரல், வயலின், வீணை ஆகியவற்றின் சுரங்கள் எல்லாம் அதற்குக் கீழே அடங்கிவிடுகின்றன. மேலே இருப்பவை மேற்சுரங்கள். ஜால்ராவின் மினுமினுப்பைப் போன்றவை. அவை மங்கினால் ஒலியின் பளபளப்புச் சற்றுக் குறையும், ராகம் குறையாது.

இசைத்தட்டுக்கும் இதே போன்ற குறை உண்டு. ஊசியின் கீழே பள்ளம் வெளி விளிம்பில் நொடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, மையத்தருகே 21 செ.மீ. வேகம்தான். எனவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு நெளிவு வெளியே 0.051 மி.மீ. நீளம், உள்ளே 0.021 மி.மீ. மட்டுமே. இவ்வளவு நெருக்கமான நெளிவுகளை ஊசி துல்லியமாகப் பின்பற்றுவது கடினம். எனவே கடைசிப் பாட்டில் உயர் ஒலிகள் சற்றுத் தெளிவிழக்கின்றன. இருந்தும் நாம் ரசிக்கிறோம் அல்லவா?

உண்மையில் நல்ல கருவியின் சிறப்பு அந்த 20,000 என்னும் எண்ணில் மட்டும் இல்லை. தட்டு சீரான வேகத்தில் சுழல்வது, இரைச்சல் குறைவது, ஒலி சிதையாமல் இருப்பது ஆகியவையும் அதன் சிறப்புகளே. இவற்றின் பயன் மீதமுள்ள ஒன்பது ஸ்தாயிகளிலும் கிடைக்கிறது. ஆகவே பணம் வீணாகவில்லை.

உரப்பைக் கூட்டலாமா?

மயிரிழைச் செல்களில் ஒரு பகுதி, மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தரும் வேலையைச் செய்கின்றன. அவை நலிந்தால் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் பேரொலி பழையபடியே உரக்கக் கேட்கும். எனவே எல்லா ஒலிகளையும் ஒருசேரக் கூட்டினால் வேதனைதான் மிஞ்சும். உயர் ஒலிகளை மட்டும் அளவாகக் கூட்டும் 'டிரெபிள்' குமிழைத் திருப்புவதே அறிவுடைமை. தாத்தாவிடம் பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள். ச, ஷ, ஸ போன்ற ஒலிகளே அவருக்கு மங்குகின்றன. கத்துவதைவிட, முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதே உதவும்.

உங்கள் காது?

முதுமையைத் தடுக்க இயலாது. ஆனால் செவியிழப்புக்கு முதுமை மட்டும் காரணம் அன்று, பேரொலியும் காரணம். பறவைகளுக்கு மயிரிழைச் செல்கள் மீண்டும் வளரும். நமக்கு அழிந்தவை அழிந்தவையே. தொழிற்கூடங்களுக்கு வல்லுநர் கூறும் ஒரு வரம்பு, 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியாற்றல் இருமடங்காவதால் நேரம் பாதியாகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 100 டெசிபலுக்கு 15 நிமிடமே! காதுக்குள் செருகும் ஒலிக்கருவிகளை முழு அளவில் வைத்தால் இந்த அளவை எளிதில் எட்டிவிடலாம்.

அறுபது வயதுக்காரர் இழந்த ஒரு ஸ்தாயியைப் பதினாறு வயதிலேயே இழக்க வேண்டுமா? இன்று ஒலியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இசை உங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.