ரெகுலேட்டருக்கும் கொஞ்சம் வேலை வேணும்

பவர் சப்ளையின் அவுட்புட்டில், பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதையும் இயக்காது, கரண்டை மட்டும் தின்னும். வீண் செலவுதானே என்று பிடுங்கத் தோன்றும். அவசரப்படாதீங்க.

எல்எம் 317-ஐ எடுத்துக்கொள்வோம். 7805-இல் மூன்றாவது கால் கிரவுண்டு. சிப் தன் சொந்தத் தேவைக்கான கரண்டை அதன் வழியாகவே அனுப்பிவிடும். 317-இல் அந்த இடத்தில் இருப்பது அட்ஜஸ்ட் கால். அதில் போவது சுமார் 50 மைக்ரோ ஆம்பியர்தான். மீதி முழுவதும் அவுட்புட் வழியாகவே வெளியேற வேண்டும். டேட்டாஷீட் சொல்வது, வழக்கமாக 3.5 மில்லி ஆம்பியர், மோசமான சிப்பில் 10 வரை. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் வோல்டேஜ் ஏறிவிடும்.

எவ்வளவு ஏறும்? கணக்குப் போட்டே பார்த்துடலாம். 317, அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவே 1.25 வோல்ட்டைக் காக்கும். பல சர்க்யூட் படங்களில் அங்கே 240 ஓம் இருக்கும், அதாவது 5.2 மில்லி ஆம்பியர். 5 வோல்ட் வேண்டுமென்றால் கீழே 720 ஓம். இப்போது உங்கள் கையில் இருக்கும் சிப்புக்கு 7 மில்லி ஆம்பியர் தேவை என்று வையுங்கள். மொத்தம் 960 ஓம், அதில் 7 மில்லி ஆம்பியர்: 6.7 வோல்ட்!

(317-இன் அண்ணன் 117-க்கு அதிகபட்சத் தேவையே 5 மில்லி ஆம்பியர்தான், அதற்கு 240 போதும். அந்த மதிப்புதான் 317 படங்களிலும் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.)

ஒரு பல்பை மாட்டிச் சோதித்தால் மீட்டர் சமத்தாக 5 காட்டும். பிரச்சினை, ஆர்டுயினோவில் வரும் அட்மெகா 328 போன்ற சிப்பை மாட்டி அதைத் தூங்க வைக்கும்போதுதான். தூக்கத்தில் அது இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர். அது தாங்கும் உச்சவரம்போ 6 வோல்ட். முழிச்சிருந்தவரை ஒன்றும் ஆகாத சிப், தூக்கத்தில் போய்ச் சேரலாம்.

தீர்வு சில்லறைக் காசு. அவுட்புட்டில் 1 கிலோ ஓம் ஒன்று: 5 மில்லி ஆம்பியர் கூடுதலாக ஓடும், வெப்பம் 25 மில்லி வாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். எனக்குப் பிடித்தது வேறு வழி: 240, 720 இரண்டையும் 120, 360 ஆக்கிவிடுவது. விகிதம் மாறாததால் அதே 5 வோல்ட், ஆனால் 10.4 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

பேட்டரியில் ஓடும் சர்க்யூட் என்றால் இந்த இரண்டுமே வேண்டாம், 317-ஏ வேண்டாம். நாளுக்கு 250 மில்லி ஆம்பியர் மணி சும்மாவே போய்விடும்.