சூரிய மின்நிலையமும் ஆடு மேயும் நிலமும்

சூரிய ஒளி மின்சாரம் நல்லதா என்று கேட்டால், நல்லது என்றே நாம் அனைவரும் சொல்வோம். நிலக்கரிப் புகை இல்லை, சாம்பல் இல்லை. அதையே நம் ஊர் எல்லையில் ஆயிரம் ஏக்கரில் அமைக்கலாமா என்று கேட்டால், வீட்டுக்கு வீடு பதில் மாறுகிறது.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பகுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் செயல்படத் தொடங்கியது. பரப்பு ஏறக்குறைய 2,500 ஏக்கர்; அதாவது ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் அளவில் நிலம் தேவைப்பட்டிருக்கிறது. "வறண்ட பூமி, சும்மாதானே கிடக்கிறது" என்பார்கள். சும்மா கிடக்கிறதா? அந்தச் சீமையில் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் விளைகின்றன.

மழை பொய்த்துப்போன நிலத்தை விற்று மகளுக்குத் திருமணம் முடித்த விவசாயியை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை பட்டாதாரருக்குப் போகிறது. அவர் மதுரையிலோ சென்னையிலோ இருக்கலாம். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் பட்டா கிடையாது; எனவே இழப்பீடும் கிடையாது. கட்டுமான வேலையும் சில மாதங்களில் முடிந்துவிடும்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் அறிவோம் (1 அரசர்கள் 21). அரசன் ஆகாபு நல்ல விலையே பேசினான். மூதாதையரின் உரிமைச் சொத்து என்று நாபோத்து மறுத்துவிட்டார். அவருக்காவது மறுத்துப் பேச ஒரு வாய்ப்பு இருந்தது. ஆடு மேய்ப்பவரை யாரும் கேட்பதே இல்லை. அனல்மின் நிலையம் என்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதி பெறவேண்டிய திட்டங்களின் பட்டியலில் சூரிய ஒளி மின்நிலையம் சேர்க்கப்படவில்லை. தூய்மையான மின்சாரம் என்பதற்காகக் கொடுத்த சலுகை ஏழையின் வாயை அடைப்பதாகிவிட்டது என்பதே நம் கருத்து.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல், புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வரவேற்கிறது (எண் 26). அதே மடல், எந்தத் திட்டமானாலும் அது பற்றிய பேச்சில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்கிறது (எண் 183). முதலாவதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது சரியல்ல. 2024 ஜூன் 21 அன்று 'சகோதரன் சூரியன்' என்ற தலைப்பில் அவர் வெளியிட்ட ஆணை, உரோமைக்கு அருகே சாந்தா மரியா தி கலேரியாவில் மின்நிலையம் அமைக்கச் சொன்னது. அதுவும் எப்படி? தகடுகளுக்கு நடுவே வேளாண்மையும் தொடரும் முறையில்! தகடுகளை உயர்த்தி, இடைவெளி விட்டு அமைத்தால் ஆடுகூட மேயலாம். செலவு கூடும் என்பது உண்மைதான்.

ஆகவே, நம் பகுதிக்குத் திட்டம் வரும்போது கேட்க வேண்டியவை உண்டு. தகட்டில் படியும் தூசியைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நிலத்தைச் சமப்படுத்தும்போது கண்மாயின் வரத்துக்கால் என்ன ஆகும்? மந்தை போகும் பாதை வேலிக்குள் அடைபடுமா? விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

தனியார் நில விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனால் ஓடை, கண்மாய், பாதை ஆகியவை பொதுச் சொத்து. அவை பற்றித் தீர்மானம் போடலாம். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. ஆகஸ்ட் 15 நம் அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. திருப்பலி முடிந்ததும் நேராக அங்கே போகலாம், பட்டா இல்லாதவர்களையும் அழைத்துக்கொண்டு.