பயனர் தளக் கோப்பு முறைமை: குறைகளைக் கண்டறியும் வழிகள்

புள்ளிவிவரங்களைத் தொகுத்து வைக்கும் அலுவலகம் ஒன்றில் பழைய ஆய்வுகளின் அட்டவணைகள் யாவும் சுருக்கப்பட்ட வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் அவற்றை விரித்துப் படியெடுக்க வேண்டியிராமல், சாதாரணக் கோப்புகளைப் போலவே திறந்து படிக்க வசதி செய்யும் பொருட்டு, அங்கிருந்த இளம் நிரலர் ஒருவர் தாமே ஒரு கோப்பு முறைமையை எழுதினார். முதல் வாரம் அனைவரும் மகிழ்ந்தனர். இரண்டாவது வாரத்தில் என் மேசைக்கு வந்த அட்டவணை ஒன்றில் அகில இந்தியக் கூட்டுத்தொகை, முன்னர் அச்சான அறிக்கையில் கண்டதைவிடப் பெரிதும் குறைந்திருந்தது. ஆங்கில அகரவரிசைப்படி ஆந்திரப் பிரதேசம், அசாம், பீகார் ஆகியவை இருந்தன. பட்டியலின் பிற்பகுதியைக் காணவில்லை. கணிப்பொறியோ எந்தப் பிழைச் செய்தியையும் தரவில்லை. இருந்த எண்களைக் கூட்டி, விடையைக் குறையின்றித் தந்திருந்தது!

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, இவ்வகை முறைமை இயங்கும் விதத்தை முதலில் காண வேண்டும். லினக்ஸ் இயக்க அமைப்பில் கோப்புகளைக் கையாளும் பொறுப்பு வழக்கமாகக் கெர்னல் எனப்படும் மைய நிரலிடம் இருக்கிறது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் கணிப்பொறி முழுவதுமே நின்றுவிடக் கூடும். ஆகவேதான் கெர்னலுக்கு வெளியே, பிற நிரல்களைப் போன்றதொரு சாதாரண நிரலாகக் கோப்பு முறைமையை எழுத வழி செய்யும் ஃபியூஸ் என்ற ஏற்பாடு உருவாயிற்று. மிக்லோஷ் செரெடி என்பவர் உருவாக்கிய இது, 2005-ஆம் ஆண்டு லினக்ஸ் கெர்னலின் 2.6.14-ஆம் பதிப்பில் இடம் பெற்றது.

ஒருவர் ஒரு கோப்பைப் படிக்க முற்படும்போது அக்கோரிக்கை கெர்னலுக்குச் செல்கிறது. கெர்னல் அதை வரிசையில் வைத்து, ஒரு சாதன வாயிலின் வழியே நாம் எழுதிய சேவை நிரலிடம் ஒப்படைக்கிறது. அந்நிரல் தரும் விடை அதே வழியில் திரும்பி வருகிறது. நம் அலுவலகங்களில் கோப்பு ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குச் சென்று குறிப்புடன் திரும்புவதைப் போன்றதே இது. தாமதமும் அதைப் போன்றதே. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சில வேலைகளில் இந்தத் தாமதம் உணரப்படுவதே இல்லை. வேறு சில வேலைகளில் செயல்வேகம் 83 சதவீதம் வரை குறைகிறது.

இனி, காணாமற்போன மாநிலங்களுக்கு வருவோம். கோப்பைப் படிப்பதற்கு முன் அதன் பண்புகளைக் கெர்னல் கேட்கிறது: இது கோப்பா, கோப்புறையா, அளவு எத்தனை பைட்? இதற்கு விடை தரும் பகுதியில் நிரலர், விரித்த பின் வரும் அளவைத் தராமல், வட்டில் இருந்த சுருக்கப்பட்ட அளவையே தந்துவிட்டார். சேவை நிரல் சொன்ன அளவைக் கெர்னல் ஐயமின்றி ஏற்கும். அந்த அளவு முடிந்ததும் கோப்பும் முடிந்துவிட்டதாகவே கொள்ளும். அளவைச் சுழி என்று சொன்னால், உள்ளே எத்தனை பக்கங்கள் இருந்தாலும் கோப்பு வெற்றுக் கோப்பாகவே தோன்றும். ஃபியூஸைக் கொண்டு முதன்முதலில் எழுதுவோர் பெரும்பாலோர் சந்திப்பது இந்தக் குறையைத்தான். சரியான அளவைத் தருவதே முறையான பரிகாரம். அளவை முன்கூட்டி அறிய முடியாத கோப்புகளுக்கு, இடைச்சேமிப்பைத் தவிர்த்து நேரடியாகப் படிக்கச் செய்யும் 'டைரக்ட் ஐஓ' என்ற விருப்பம் உண்டு.

குறையைக் கண்டுபிடித்த முறையும் குறிப்பிடத்தக்கது. சேவை நிரல் இயல்பாகப் பின்னணிக்குச் சென்றுவிடும். அப்போது அது அச்சிடும் செய்திகள் எவர் கண்ணிலும் படுவதில்லை. 'டி' என்ற விருப்பத்துடன் அதை முன்னணியில் இயக்கினால், கெர்னல் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குத் தரப்பட்ட விடையும் வரிவரியாகத் திரையில் தோன்றும். எந்த இடத்திலிருந்து எத்தனை பைட் கேட்கப்பட்டது என்பதும் அதில் இருக்கும். அரை மணி நேரம் அந்த வரிகளைப் பொறுமையாகப் படித்ததில், கோப்பின் பிற்பகுதிக்கான கோரிக்கை வரவே இல்லை என்பது புலனாயிற்று. விரிக்கும் பகுதியில் தவறு இருக்குமென்று அதற்கு முன் இரண்டு நாட்கள் தேடியது வீணாயிற்று.

அளவைத் திருத்திய பின் வேறொரு குறை தலைகாட்டியது. ஒருவர் மட்டும் படிக்கும்போது சரியாக வந்த எண்கள், இருவர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் படித்தபோது சில வேளைகளில் இடம் மாறி வந்தன. ஃபியூஸ் நூலகம் இயல்பாகப் பல இழைகளில் இயங்குகிறது. ஓர் இழை கோப்பின் படிக்கும் இடத்தை நகர்த்தி வைத்து, படிப்பதற்குள் மற்றோர் இழை அதை வேறிடத்துக்கு நகர்த்திவிடுகிறது. 'எஸ்' விருப்பத்துடன் ஒரே இழையில் இயக்கியபோது இக்குறை மறைந்தது. இதைத் தீர்வு என்று கருதிவிடக் கூடாது. காரணம் இழைகளின் மோதலே என்பதற்கு அது சான்று, அவ்வளவே. இடத்தையும் அளவையும் ஒரே அழைப்பில் கூறும் 'பிரெட்' என்ற அழைப்பைப் பயன்படுத்திய பின்னரே உண்மையான தீர்வு கிட்டியது. பின்னணிக்குச் செல்லுமுன் நாமே தொடங்கிய இழைகள், சென்ற பின் இருப்பதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. அவற்றைத் தொடக்கச் செயற்கூறில்தான் தொடங்க வேண்டும். நிரலின் நடப்புக் கோப்புறை வேருக்கு மாற்றப்படுவதால், முழுப் பாதையைத் தராத கோப்புப் பெயர்களும் பயனற்றுப் போகின்றன.

பிழையைத் தெரிவிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிழை எண்ணை எதிர்க்குறியுடன் திருப்ப வேண்டும். உள்ளீட்டுப் பிழையின் எண் 5. படிக்கும் செயற்கூறு அதை எதிர்க்குறியின்றித் திருப்பினால், ஐந்து பைட் வெற்றிகரமாகப் படிக்கப்பட்டதாகக் கெர்னல் கொள்ளும். கழித்தல் குறி ஒன்று விடுபட்டதால் பழுதான வட்டு நல்ல வட்டாகத் தோன்றுகிறது.

சேவை நிரல் இடையில் இறந்துவிட்டால் பயனருக்கு, மறுமுனையுடன் இணைப்பு இல்லை என்ற பொருளில் ஒரு செய்தி வரும். கோப்புறை இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே நுழைய முடியாது. 'ஃபியூசர்மவுண்ட்' கட்டளையால் அதை விடுவித்து மீண்டும் தொடங்கலாம். இதைவிடத் தொல்லை தருவது நிரல் அசைவற்று நிற்பது. சேவை நிரல் தான் நிர்வகிக்கும் கோப்புறைக்குள்ளேயே ஒரு கோப்பைத் தேடப் போனால், தன் விடைக்காகத் தானே காத்து நிற்கும். கெர்னல் ஒவ்வோர் இணைப்புக்கும் வைத்துள்ள 'அபார்ட்' என்ற கோப்பில் எதையேனும் எழுதினால் அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டு, காத்திருந்தோர் விடுபடுவர்.

அனுமதி பற்றி அலுவலர்கள் தனியே அறிந்திருக்க வேண்டும். இயல்பாக, முறைமையை ஏற்றிய பயனரைத் தவிர வேறெவரும், கணிப்பொறியின் முதன்மைப் பயனர்கூட, உள்ளே நுழைய இயலாது. பிறருக்கும் திறந்துவிடும் விருப்பம் உண்டு. அதை மட்டும் தந்து, அனுமதிகளைக் கெர்னலே சரிபார்க்கும்படி கூறும் மற்றொரு விருப்பத்தைத் தராவிட்டால், அப்பொறுப்பு முழுதும் சேவை நிரலைச் சேர்கிறது. தனி நபர் விவரங்கள் அடங்கிய கோப்புகளில் இது எத்தகைய இடரை விளைவிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேற்கூறிய அலுவலகத்தில் திருத்தங்கள் முடிந்த பின், விரித்தெடுத்த மூலக் கோப்புகள் ஒவ்வொன்றும் புதிய முறைமையின் வழியே படித்த கோப்புடன் சரிபார்ப்புத் தொகை கொண்டு ஒப்பிடப்பட்டன. பலர் ஒரே வேளையில் படிக்கும் நிலையிலும் அச்சோதனை திரும்ப நடத்தப்பட்டது. எழுதும் வசதியும் வேண்டுமென்று சிலர் கேட்டனர். வட்டு நிரம்பிவிட்டது என்ற செய்தி, கோப்பை முடிவாக விடுவிக்கும் கட்டத்தில் திருப்பப்பட்டால் எவரையும் சென்றடையாது. எழுதும்போதோ மூடும்போதோ அதைத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பகுதி இன்னும் சோதிக்கப்படாமையால், முறைமை படிப்பதற்கு மட்டுமென்றே ஏற்றப்பட்டிருக்கிறது.