கருவுற்ற காலமும் தாயின் பிற்கால உடல்நலமும்

கருவுற்ற பெண் நன்றாக உண்ண வேண்டும், பளு தூக்கலாகாது, புகையில் நிற்கலாகாது என்று நம் வீடுகளில் மூத்தோர் கூறுவது புதிதன்று. ஆனால் அவ்வறிவுரைகள் யாவும் வயிற்றிலுள்ள குழந்தையைக் கருதியே சொல்லப்படுகின்றன. பிள்ளை நலமாகப் பிறந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். அம்மாதங்களில் தாய் சுவாசித்த காற்றும், உண்ட உணவும், உடலிற் பட்ட பூச்சிமருந்தும் பல ஆண்டுகள் கழித்து அத்தாயின் உடல்நலத்தையே பாதிக்கக்கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. அண்மைக் கால விஞ்ஞானம் இவ்விஷயத்தில் சில உண்மைகளை வெளிப்படுத்தியுள்ளது. சேரங்கோட்டுச் சரிவுகளில் கொழுந்து பறிப்போருள்ளும், நெசவாளர் இல்லங்களில் நூல் சுற்றுவோருள்ளும் பெரும்பாலோர் பெண்களே ஆதலால், நம் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

கர்ப்பம் ஒரு பரீட்சை

கர்ப்ப காலத்தில் தாயின் உடல் முழுவதுமே மாறுகின்றது. இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகின்றது. இருதயம் அதற்கேற்பக் கூடுதலாக உழைக்கின்றது. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் பொருள்களினால், பிற்பகுதி மாதங்களில் இன்சுலினின் வேலை தடைப்படுகின்றது. அதனை ஈடுசெய்யக் கணையம் அதிகமாகச் சுரக்க வேண்டியுள்ளது. மார்பகத் திசுக்கள் பெருகிப் புதிய உருக்கொள்கின்றன. இத்தகைய பெரு மாறுதல் நிகழும் வேளையில் புறத்திலிருந்து வரும் தீங்கு, மற்றக் காலங்களைவிட ஆழமாகப் பதியக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. கூடலூரிலிருந்து முதுமலை, பண்டிப்பூர்க் காடுகளைக் கடந்தால் மைசூர். அந்நகரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைக்கு 1997, 1998-ஆம் ஆண்டுகளில் வந்த கர்ப்பிணிப் பெண்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்து, ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தனர். கர்ப்ப காலத்தில் சர்க்கரை மிகாதிருந்த தாய்மாரில் 100-க்கு 2 பேர் மட்டுமே நீரிழிவு நோய்க்கு ஆளாகியிருந்தனர். கர்ப்ப காலத்தில் சர்க்கரை மிகுந்திருந்தவர்களிலோ, 100-க்கு 37 பேருக்கு அந்நோய் நிலைத்துவிட்டது. பிரசவத்தோடு 'அது போய்விட்டது' என்று வீடு திரும்பிய பெண்களின் கதை இது.

இரத்த அழுத்தமும் அத்தகையதே. கர்ப்ப காலத்தில் அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் இறங்கிய பெண்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2007-இல் தொகுத்து நோக்கினர். அவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டனர். ஆகவே கர்ப்பம் என்பது உடலுக்கு ஒரு பரீட்சை போன்றது. பின்னால் வரப்போகும் நோயை அது முன்னரே காட்டிவிடுகின்றது. அதுமட்டுமன்றி, அக்காலத்து நிகழ்ச்சிகள் உடலில் தம் குறிகளை விட்டுச் செல்லவும் கூடும். அஃது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

பாவு ஒன்றே, பூ வேறு

நெசவாளர் ஜக்கார்டு தறியை அறிவர். பாவு நூல் அதேதான், ஊடையும் அதேதான். ஆயினும் எந்த இழை மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அட்டையில் இட்ட துளைகள் தீர்மானிக்கின்றன. அட்டையை மாற்றினால், அதே பாவில் வேறு பூ விழுகின்றது.

நம் உடலின் அணுக்களிலுள்ள மரபணுக்களும் பாவு நூல் போன்றவை. அவை பெற்றோரிடமிருந்து வருபவை. வாழ்நாளில் பெரிதும் மாறாதவை. ஆனால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை, அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும் சில நுண்ணிய இரசாயனக் குறிகள் தீர்மானிக்கின்றன. அவற்றுள் முக்கியமானது மெதில் குறி. இக்குறிகளைப் பற்றிய சாஸ்திரத்திற்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். தமிழில் மேல்மரபியல் என்று கூறலாம். இச்சொல்லை 1942-இல் வழங்கியவர் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி.

உணவு, புகை, நச்சு, மனத்துயர் ஆகியவை இக்குறிகளை மாற்றவல்லவை. அம்மாற்றம் நெடுநாள் நிற்கவும் கூடும். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. அப்பொழுது கருவில் உருவானவர்களின் உடலில், அறுபது ஆண்டுகள் சென்ற பின்னரும் ஒரு வளர்ச்சி மரபணுவின்மேல் மெதில் குறிகள் குறைந்திருந்ததை 2008-இல் கண்டறிந்தனர். கனடா நாட்டு ஆய்வாளர்கள், கர்ப்ப காலத்தில் தாயின் சர்க்கரை மிகும்பொழுது நஞ்சுக்கொடியிலுள்ள லெப்டின் என்ற மரபணுவின் குறிகளும் மாறுவதை 2010-இல் எடுத்துக்காட்டினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தாயின் பிற்கால நோய்க்கு இக்குறிகளே நேர்க் காரணமா, அன்றி நோயின் அடையாளங்கள் மட்டுமா என்பது இன்னும் முற்றாக நிறுவப்படவில்லை. குழந்தைகளைப் பற்றி நடந்த ஆராய்ச்சியில் சிறு பங்கே தாய்மாரைப் பற்றி நடந்துள்ளது. எனினும், கிடைத்துள்ள சான்றுகள் நாம் எச்சரிக்கையுடன் இருப்பதற்குப் போதுமானவை.

அடுப்புப் புகை

கவ்வாத்துக்குப் பின் கிடைக்கும் மிலாறுகளையும், காட்டோரம் பொறுக்கிய சுள்ளிகளையும் எரித்துச் சமைக்கும் வீடுகள் மலைப்பகுதிகளில் இன்றும் உண்டு. மழை மாதங்களில் விறகு ஈரமாகின்றது. குளிருக்கு அஞ்சிக் கதவும் அடைக்கப்படுகின்றது. புகை வெளியேற வழியில்லை.

புகையிலைப் புகை மரபணுக் குறிகளை மாற்றுவது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. புகைப் பழக்கத்தைக் கைவிட்டோரின் உடலில் பெரும்பாலான குறிகள் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கு மீள்கின்றன. சில குறிகளோ முப்பது ஆண்டுகள் கழிந்தும் மறைவதில்லை. புகையிலைப் புகையிலுள்ள நச்சுப் பொருள்களுள் பல விறகுப் புகையிலும் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

புகையைக் குறைப்பது இயலாத காரியமன்று. நமது விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், ருவாண்டா, குவாத்தமாலா, பெரு ஆகிய நாடுகளிலும் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகடுப்பில் சமைத்த பெண்கள் சுவாசித்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் 2022-இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவுற்ற பின் அடுப்பை மாற்றினால் மட்டும் போதாது, பல ஆண்டுகள் முன்னரே மாற்றுதல் வேண்டும் என்று கருத இதில் இடமுண்டு. மகள் மணமாகிச் செல்லும் வீட்டில் எந்த அடுப்பு என்பதும், மகள் வளரும் வீட்டில் எந்த அடுப்பு என்பதும் ஒருசேர நினைக்கத்தக்கவை.

பூச்சிமருந்து

வயநாட்டு மலைகள் ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பெயர்போனவை. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அதனால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மருந்தின் மறுபுறம் பின்னரே தெரியவந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் பகுதியில், 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தைச் சேகரித்துப் பாதுகாத்து வைத்தனர். பல ஆண்டுகள் கழித்து, அவர்களுள் மார்பகப் புற்றுநோய் கண்டவர்களின் பழைய இரத்தத்தைச் சோதித்தனர். பதினான்கு வயதிற்கு முன்பே டி.டி.டி.க்கு ஆட்பட்டு, பிரசவத்தின்பொழுது இரத்தத்தில் அது மிகுந்திருந்த தாய்மாருக்கு, ஐம்பது வயதிற்குள் அந்நோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்காயிருந்தது என்று 2007-இல் அறிவித்தனர். வயது வந்த பின் ஆட்பட்டவர்களிடம் இத்தொடர்பு காணப்படவில்லை. நச்சின் அளவு மட்டுமன்று, அது உடலிற் சேர்ந்த பருவமும் முக்கியம் என்பதே இதன் பாடம். இந்தியாவில் விவசாயத்திற்கு டி.டி.டி.யைப் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், உச்சநீதிமன்ற உத்தரவினால் 2011-இல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. இன்று பாதுகாப்பானது என்று கருதும் மருந்து நாளை எவ்வாறு கருதப்படும் என்பதை எண்ணி நடத்தலே விவேகம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மருந்தடிக்கும் நாளைச் சங்கத்தின் மூலம் முன்கூட்டியே அண்டைத் தோட்டத்தாருக்கும் அறிவிக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்து கலக்கவோ, தெளித்த பாத்தியில் கொழுந்தெடுக்கவோ அனுப்பலாகாது. சீட்டில் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே எவரும் இறங்க வேண்டும். மருந்தடித்தவரின் உடையை மனைவியின் கையில் கொடுத்துவிடாமல், அவரே தனியாகத் துவைத்துக்கொள்வது நலம். காலி டப்பாக்களில் தண்ணீர் வைப்பதும், அவற்றை அடுப்பிலிட்டு எரிப்பதும் அறவே கூடாது. சாயப் பட்டறையிலும், கர்ப்பிணிகளைச் சாயம் கரைக்கும் இடத்திலிருந்து வேறு வேலைக்கு மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது, எரிவாயு அடுப்பிற்கும் புகைபோக்கிக்கும் சங்கங்கள் சிறு கடன் அளிப்பதைப் பற்றி ஆலோசிக்கலாம். மருந்தடிக்கும் கருவிக்குக் கடன் அளிப்பது போலவே இதுவும் உற்பத்திக்கான செலவேயாம். நோயுற்ற கை கொழுந்து பறிக்காது.

மூன்றாவது, பிரசவத்திற்குப் பின்னும் பரிசோதனை தொடர வேண்டும். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற விதியைச் சென்னை டாக்டர் வி. சேஷையா அவர்களின் பெருமுயற்சியால் 2007-இல் நாட்டிலேயே முதன்முதலாக ஏற்றது நம் மாநிலம். 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்குமேல் இருப்பின், அது கர்ப்பகால நீரிழிவு. அப்பெண் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். கைக்குழந்தையுடன் மலைச் சரிவில் நெடுந்தூரம் நடந்து, ஒரு நாள் கூலியையும் இழந்து பரிசோதனைக்குச் செல்வது எளிதன்று. அந்த ஒரு நாளை எளிதாக்குவதே சங்கத்தின் கடமை.

இதனால் பயன் உண்டா என்று ஐயுற வேண்டாம். கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் பழக்கியதில், நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க ஆய்வு காட்டியுள்ளது. தாய்ப்பால் ஊட்டுதலும் தாயின் நீரிழிவு வாய்ப்பைக் குறைக்கின்றது. அட்டையில் தவறாக விழுந்த துளைகள் சிலவற்றைத் திருத்திக்கொள்ள முடியும்.

கடைசியாக ஒன்று. இவ்வுண்மைகளைக் கொண்டு எந்தத் தாயையும் குறை கூறலாகாது. புகையுள்ள அடுப்பையும் மருந்து தெளித்த பாத்தியையும் அவள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அவை அவளுக்கு வாய்த்த சூழ்நிலை. சூழ்நிலையைத் தனியொருத்தியால் மாற்ற இயலாது. பலர் ஒன்றுகூடினால் இயலும். அதற்காகவே நாம் சங்கம் அமைத்துள்ளோம். அடுத்த பொதுக்குழுவில் கொழுந்து விலையையும் நூல் விலையையும் பேசி முடித்த பின், மருந்தடிக்கும் நாளைப் பற்றியும், பிள்ளை பெற்ற தாயின் பரிசோதனை நாளைப் பற்றியும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவோமாக.