சீழ்க்கட்டி

சீழ்க்கட்டி என்பது கிருமித் தொற்றினால் தோலுக்கு அடியில் சீழ் சேர்ந்து உண்டாகும், சிவந்து சூடாக வலிக்கும் வீக்கம் ஆகும். ஒரே மயிர்க்காலில் தோன்றும் சிறு கட்டியை வேனல் கட்டி என்றும் சூட்டுக் கட்டி என்றும் மக்கள் அழைக்கின்றனர். அடுத்தடுத்த பல மயிர்க்கால்கள் ஒன்றாகப் பழுத்து, பல வாய்களுடன் அகன்று காணப்படுவது பிளவை. இது பெரும்பாலும் பிடரியிலும் முதுகிலும் வரும். நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

உருவாகும் முறை

சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880ஆம் ஆண்டு வாக்கில் கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதைக் கண்டார். திராட்சைக் கொத்துப் போல் தோன்றியதால் 1882இல் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பெயரை இட்டார்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கினுள் இக்கிருமி எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. முள் குத்திய இடம், அரிவாள் கீறல், சொறிந்த வேர்க்குரு, சவரக் காயம் போன்ற ஒரு சிறு வாசல் கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். அங்கு விரையும் வெள்ளையணுக்கள் கிருமிகளோடு போராடி மடிகின்றன. மடிந்த அணுக்கள், கிருமிகள், சிதைந்த திசு ஆகியவற்றின் கலவையே சீழ். தொற்று பரவாதபடி உடல் அதைச் சுற்றி ஒரு சுவரும் எழுப்புகிறது. இந்தச் சுவர் உடலைக் காக்கிறது. ஆனால் உள்ளே இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கும் மாத்திரையும் சீழ் உள்ள இடத்திற்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. சீழ் கோத்த பெரிய கட்டி மாத்திரையால் மட்டும் ஆறாததற்குக் காரணம் இதுதான்.

மாம்பழம் தின்றால் கட்டி வரும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உள்ளது. மாம்பழம் வரும் மாதங்களே வியர்வையும் வேர்க்குருவும் மிகுந்த மாதங்கள் என்பதை அது கவனிப்பதில்லை.

திருமுக்கூடல் மருத்துவமனை

காஞ்சிபுரம் மாவட்டம் பழையசீவரத்தின் எதிர்க்கரையில், பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுமிடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதம் பயிலும் மாணவர் விடுதியோடு, 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் மருத்துவமனையும் அக்கோயிலில் நடந்ததை அது தெரிவிக்கிறது. மருத்துவருக்கும், மூலிகை கொண்டுவந்து மருந்து செய்வோருக்கும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நெல் அளக்கப்பட்டது. அறுவை செய்பவர் ஒருவருக்கும் அங்கே தனிப் பங்கு இருந்தது. அவர் எந்தெந்த நோய்க்குக் கத்தி எடுத்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அந்நாளைய அறுவை மருத்துவத்தில் கட்டி கீறுதல் அடிப்படை வேலைகளுள் ஒன்று. பணியாளர் பட்டியலில் நாவிதர் ஒருவரும் இருக்கிறார். தமிழக ஊர்களில் கட்டி கீறுவது நெடுங்காலம் நாவிதர் கைவேலையாகவும் இருந்தது.

சிகிச்சை

இன்றும் மருத்துவத்தின் மையம் அதுவே. மருத்துவர் இடத்தை மரத்துப்போகச் செய்து, தூய கத்தியால் கீறி, சீழை முழுதும் வெளியேற்றுவார். காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, நீரிழிவு போன்றவை இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சேர்க்கப்படும். அதைக் கடையில் தானாக வாங்கி இரண்டு நாள் மட்டும் விழுங்குவது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவே உதவும்.

சிறிய கட்டிக்கு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்த துணியால் நாளைக்கு மூன்று நான்கு முறை ஒற்றடம் கொடுத்தால் தானே உடைந்து வடியலாம். சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடுவது பழைய வழக்கம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. விரலால் பிதுக்குவது எல்லாவற்றிலும் தீங்கானது. அழுத்தத்தில் சுவர் கிழிந்து சீழ் உட்புறம் பரவக்கூடும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இது இன்னும் ஆபத்து, ஏனெனில் அங்குள்ள சிரைகள் மூளையை ஒட்டிய சிரைகளோடு தொடர்புள்ளவை. காய்ச்சல், நடுக்கம், கட்டியிலிருந்து ஓடும் சிவப்புக் கோடு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடுப்பு

வயல்வேலையில் பட்ட சிறு கீறலையும் அன்றே சோப்பும் நீரும் இட்டுக் கழுவி மூடி வைப்பது போதுமான தொடக்கம். வியர்த்த உடையை மாற்றுவதும், அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களை உலர வைப்பதும் வேனல் காலத்தில் உதவும். விடுதிகளில் ஒரே துண்டு, சவரக்கத்தி, சோப்புக்கட்டி பல கைகளில் புழங்குவதால் ஒருவர் கட்டி மற்றவருக்கும் வருகிறது. கட்டி உள்ளவர் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்கு காய வைக்க வேண்டும். வடியும் கட்டியைத் திறந்து விடலாகாது.

மீண்டும் மீண்டும் கட்டி வருபவர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது அவசியம். தமக்கு நீரிழிவு இருப்பதைக் கட்டிக்காக மருத்துவரிடம் போன பிறகே அறிபவர்களும் உண்டு. சர்க்கரை சரியாக இருந்தும் கட்டிகள் தொடர்ந்தால், மூக்கினுள் தங்கியுள்ள கிருமியை ஒழிக்க மருத்துவர் களிம்பு தருவார். ஒரே வீட்டில் பலருக்குக் கட்டி வந்துகொண்டிருந்தால், அச்சிகிச்சையை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அளிப்பதுண்டு.