அழகுக்குறிப்பு எழுதப் போகிறீர்களா? முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கடந்த தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு என் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கையில் அடங்கும் சிறிய வெள்ளை டப்பா. கூடவே ஒரு குரல் பதிவு. “இது நல்லதாம்மா? தமிழ்ல பேசுற ஒரு பொண்ணு போட்டுக் காட்டுச்சு. ஏழே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சாம்.”

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, மூலப்பொருள் பட்டியல் இல்லை, சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண்ணும் இல்லை. நல்லவேளையாக சித்தி அதை இன்னும் பூசத் தொடங்கவில்லை.

அந்தப் பெண் தமிழில் பேசினார் என்பதே சித்தியின் நம்பிக்கைக்குப் போதுமானதாக இருந்தது. ஆங்கிலத்திலும் மலாயிலும் ஆயிரம் மதிப்புரைகள் கிடைக்கும். தமிழில் மட்டுமே சரளமாகப் படிக்கும் நம் அம்மாக்களுக்கும் சித்திகளுக்கும் கிடைப்பது மிகக் குறைவு. அதனால்தான் தமிழில் அழகுக்கலைப் பக்கம் தொடங்குவது ஒரு நல்ல வாய்ப்பு. அதே காரணத்தால் அது ஒரு பொறுப்பும்கூட. தொடங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

யாருக்காக எழுதுகிறீர்கள்?

“அழகு” என்பது மிகப் பெரிய தலைப்பு. எல்லாவற்றையும் பற்றி எழுதத் தொடங்கினால் மூன்றே மாதத்தில் களைத்துப் போவீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். மாநிறத் தோலுக்கான ஒப்பனை, சுருள் முடி பராமரிப்பு, 30 ரிங்கிட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சருமப் பராமரிப்பு என ஏதேனும் ஒன்று போதும்.

நம்மவர்களுக்கென்று தனியான கேள்விகள் நிறைய உண்டு. துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன்கள் பல, மாநிற முகத்தில் சாம்பல் பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியும். பரு ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்பது நம் தோலில் சாதாரணம். ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள சில வேதிப்பொருள்கள் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். வெளிநாட்டுப் பக்கங்கள் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மருத்துவ உலகிலும் இந்த இடைவெளி இருந்திருக்கிறது. தோல் நிறங்களை வகைப்படுத்த இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோலை 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் உருவாக்கினார். தொடக்கத்தில் அது வெள்ளைத் தோலுக்காக வகுக்கப்பட்டது. மாநிறமும் கருநிறமும் பின்னரே சேர்க்கப்பட்டன. இன்றுள்ள 6 வகைகளில் நம்மில் பெரும்பாலோர் 4 முதல் 6 வரையிலான வகைகளில் வருவோம். உங்கள் தோல் எந்த வகை என்பதை முதல் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் அனுபவம் தனக்குப் பொருந்துமா என்று வாசகர் முடிவு செய்துகொள்வார்.

சொந்த வீடா, வாடகை வீடா?

இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் இருக்கும்போது தனியாக ஓர் இணையப் பக்கம் எதற்கு என்ற கேள்வி எழலாம். இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஃபிரண்ட்ஸ்டர் சமூக ஊடகம் ஒரு காலத்தில் மலேசிய இளையோரின் அரட்டைத் திண்ணையாக இருந்தது. 2009இல் அதை மலேசிய நிறுவனமான எம்ஓஎல் வாங்கியது. 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது, பயனர்களின் படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டன. என் அக்காவின் கல்லூரிப் படங்கள் அதோடு போயின. எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வந்ததாம், அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆகவே சமூக ஊடகத்தில் ஆட்களைச் சந்தியுங்கள், எழுத்தை உங்கள் சொந்தப் பக்கத்தில் வையுங்கள். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். ஓராண்டு தொடர்ந்து எழுத முடிகிறது என்று தெரிந்த பிறகு சொந்த முகவரி வாங்கினால் போதும். படங்களையும் கட்டுரைகளையும் மாதம் ஒருமுறை கணினியிலோ தனிச் சேமிப்பகத்திலோ நகலெடுத்து வையுங்கள்.

சோதித்த பிறகே எழுதுங்கள்

உதட்டுச் சாயத்தைப் பற்றி ஒரே நாளில் எழுதிவிடலாம். காலையில் பூசி, நாசி லெமாக் சாப்பிட்டு, மாலையில் என்ன மிச்சம் என்று பார்த்தால் போதும். சீரம், கிரீம் போன்றவை அப்படியல்ல. தோலின் மேல்புறம் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் எழுதப்படும் மதிப்புரை வெறும் முதல் அபிப்பிராயம்தான். அப்படி எழுதினால் “மூன்று நாள் பயன்படுத்தியவரை” என்று தலைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

புதிய பொருளை நேராக முகத்தில் பூச வேண்டாம். முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால், அரிப்பு வந்தாலும் பொலிவு வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

மூலப்பொருள் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். அதிகம் உள்ளது முதலிலும் குறைவாக உள்ளது பின்னாலும் வரும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். முன்பக்கத்தில் பெரிதாகக் குங்குமப்பூ படம் இருக்கும், பின்பக்கப் பட்டியலில் அது வாசனைப் பொருளுக்குப் பின்னால் கடைசியாக நிற்கும். இதை வாசகருக்கு எடுத்துக்காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

படம் எடுக்க விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம், பகல் வெளிச்சம் இருந்தால் போதும். “முன்” படம் மங்கலான அறையிலும் “பின்” படம் வெயிலிலும் எடுக்கப்பட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. அழகூட்டும் ஃபில்டர்களை முற்றாக அணைத்துவிடுங்கள்.

என்ஓடி எண் என்ன சொல்கிறது?

மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகவையிடம், அதாவது என்பிஆர்ஏவிடம், அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண் என்ஓடி என்ற எழுத்துகளில் தொடங்கி, 9 இலக்கங்களைக் கொண்டு, கே என்ற எழுத்தில் முடியும். என்பிஆர்ஏ இணையத்தளத்தில் பொருளின் பெயரையோ எண்ணையோ கொடுத்து யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. அந்த எண் இருப்பதால் அமைச்சு அந்தப் பொருளைச் சோதித்து அங்கீகரித்துவிட்டது என்று பொருளில்லை. பொருள் பாதுகாப்பானது என்று அறிவிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. சந்தைக்கு வந்த பிறகு மாதிரிகளை எடுத்துச் சோதிப்பது முகவையின் வேலை. தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருப்பது தெரிந்தால் அறிவிப்பு ரத்து செய்யப்பட்டு, பெயர்ப் பட்டியல் வெளியிடப்படும்.

அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் நான்கு பெயர்களை நினைவில் வையுங்கள். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். கிரீம் பூசிய தாயைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கும் அது போய்ச் சேரலாம். ஹைட்ரோகுவினோன் தோலில் விரும்பத்தகாத நிறமாற்றத்தை உண்டாக்கும். டிரெட்டினோயின் தோலைச் சிவக்கவும் உரியவும் வைக்கும்; கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது. பெட்டாமெத்தசோன் வாலரேட் ஒரு ஸ்டீராய்டு. நாள்பட்டால் தோலை மெலிதாக்கிவிடும். பின்னைய மூன்றும் மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தாகப் பயன்படுத்தப்படுபவை. பெயர் தெரியாத டப்பாவில் அளவில்லாமல் கலந்து விற்கக்கூடியவை அல்ல. ஏழு நாளில் முகம் வெளுக்கிறது என்றால் முதலில் எழ வேண்டியது சந்தேகம்தான்.

உங்கள் பக்கத்தில் பொருள்களை விற்கும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அறிவிக்கப்படாத ஒப்பனைப் பொருளை விற்கும் தனிநபருக்கு, முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். “நான் விநியோகிப்பாளர் மட்டும்தான்” என்று சொல்லித் தப்பிக்க முடியும் என எண்ண வேண்டாம்.

இயற்கையானது எல்லாம் நல்லதா?

பாட்டி வைத்தியக் குறிப்புகளுக்கு வாசகர்கள் எப்போதும் உண்டு. நலங்கு மாவும் கற்றாழையும் நம் வீட்டுச் சொத்து. ஆனால் எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட முடியாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். சமையல் சோடா காரத்தன்மை கொண்டது. நம் தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது.

திருமணக் காலத்தில் நீங்கள் அவசியம் எழுத வேண்டியது கருப்பு மருதாணியைப் பற்றி. இயற்கை மருதாணி ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரையே நிறம் தரும், நன்றாகப் பிடிக்கப் பல மணி நேரமாகும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தால், தலைச்சாயத்தில் பயன்படும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்க வாய்ப்புண்டு. சிலருக்கு அது கை முழுதும் கொப்புளமாக்கி, தழும்பையும் விட்டுச் செல்லும். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் தலைச்சாயம்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இலவசப் பெட்டி வரும் நாள்

வாசகர் கூட்டம் சேர்ந்ததும் நிறுவனங்கள் பொருள்களை அனுப்பத் தொடங்கும். அது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. 2022ஆம் ஆண்டின் மலேசிய உள்ளடக்க நெறிமுறை, பணமோ பொருளோ பெற்று விளம்பரம் செய்யும் சமூக ஊடகப் பிரபலங்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. “இது இலவசமாக வந்தது”, “இதற்குப் பணம் பெற்றேன்” என்று கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். கடைசியில் சிறிய எழுத்தில் போடுவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம்.

நிறுவனம் அனுப்பும் வாசகங்களை அப்படியே பதிவிடாதீர்கள். ஒப்பனைப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்தக் கூடாது. “எக்ஸிமாவைக் குணமாக்கும்” போன்ற சொற்கள் வந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வருமானம் வரத் தொடங்கினால் கணக்கு எழுதி வையுங்கள். ரொக்கமாக வந்தாலும் பொருளாக வந்தாலும் உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது வருமானமே, அதற்கு வருமான வரிச் சட்டம் பொருந்தும். தொழிலாகவே நடத்துவதென்றால், தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட்.

தொடங்குவது எளிது, தொடர்வதுதான் கடினம்

வாரம் ஒரு கட்டுரை போதும். முடியாவிட்டால் இரு வாரத்திற்கு ஒன்று எழுதுங்கள். தீபாவளி, பொங்கல், திருமண மாதங்களுக்கான கட்டுரைகளை ஆறு வாரங்களுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறர் எடுத்த படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்த வேண்டாம்.

பழைய கட்டுரைகளையும் கவனிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஈராண்டுக்கு முன் நீங்கள் பாராட்டிய கிரீமின் அறிவிப்பு இன்று ரத்தாகியிருக்கலாம். உங்கள் கட்டுரையோ தேடலில் இன்னும் வந்துகொண்டிருக்கும், யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு வாங்குவார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்பிஆர்ஏவின் பட்டியலோடு உங்கள் பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் சத்தமில்லாமல் அழிக்காமல், திருத்தத்தைத் தேதியோடு மேலே எழுதுங்கள். யாராவது அரிப்பு, வீக்கம் என்று எழுதினால் வைத்தியம் சொல்லாமல் பயன்பாட்டை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும்

தமிழில் எழுதும்போது சொல் தேர்வும் முக்கியம். வெளுத்த தோலை “நல்ல கலர்” என்றும் மற்றதைக் குறை என்றும் சொல்லும் பழக்கம் நம் பேச்சில் ஊறிக்கிடக்கிறது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி கிரீமே 2020இல் தன் பெயரிலிருந்து “ஃபேர்” என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாம் இன்னும் எடுக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம் படித்தபோது என்னை வியக்க வைத்த சொல் “மாமை”. மாந்தளிரைப் போன்ற கருமை கலந்த மேனி அழகுக்கு அந்தப் பெயர். பிரிவுத் துயரில் அந்த நிறம் வெளிறிப் பசலை பாய்வதைத்தான் அந்தப் பாடல்களில் தலைவி அழகின் இழப்பாகச் சொல்லி வருந்துகிறாள். இப்படி ஒரு சொல்லை வைத்திருந்த மொழியில் எழுதுகிறோம் என்பதை அழகுக்குறிப்பு எழுதுபவர்கள் மறந்துவிடக் கூடாது.

சித்தி அந்த டப்பாவை எறிந்துவிட்டார். 45 ரிங்கிட் போனதே என்று இன்றும் புலம்புவார். ஆனால் இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். எழுத்து சிறிதாக இருப்பதால் எண் சரியாக விழவில்லை என்றால், மீண்டும் ஒரு படம் வரும். என் சித்திக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். மற்ற சித்திகளுக்கு நீங்கள் எழுதுங்கள்.